மைனஸ் ஒன்று

சென்னையில் குளிரூட்டிய அறை ஒன்றில் எங்களை இரண்டு நாள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். பாடத்தின் தலைப்பு: 'வணிக டிஜிட்டல் உருமாற்றத்தில் செயற்கை நுண்ணறிவும் மனித நிபுணத்துவமும் – சமநிலை காண்பது எப்படி?' திரையில் ஒரு தராசுப் படம். ஒரு தட்டில் எந்திர மூளை. இன்னொரு தட்டில் கோட்டு போட்ட மனிதத் தலை. இரண்டு தட்டும் மட்டமாக நின்றன. எல்லோரும் தலையாட்டினார்கள், தேநீர் குடித்தார்கள், சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தப் படத்தில் தராசைப் பிடித்திருக்கும் கை எங்கே?

தோழர்களே, சேரியில் பிறந்தவனுக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் தாத்தா களத்தில் கூலி நெல் வாங்கியவர். மரக்கால் ஒன்றுதான். ஆண்டைக்கு அளக்கும்போது கோபுரமாக நிற்கும், கூலிக்கு அளக்கும்போது தலை தட்டப்படும். அளவை ஒன்று, கை வேறு. 'சமநிலை' என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்குக் கைதான் முதலில் ஞாபகம் வரும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுக்கு வங்கி குமாஸ்தா. ஆரணிப் பக்கம் ஒரு கிளை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்தப் பட்டு ஊரில் கல்யாணச் சேலை வாங்க வருகிறவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடுவார்கள். அந்தச் சேலை சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் தேவிகாபுரத்திலும் எந்தத் திண்ணைக்குப் பின்னால், எந்தக் குழித்தறியில் காலை விட்டு நெய்யப்படுகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. என் கவுண்டருக்கு வருகிறவர்கள் அந்தக் கால்கள்.

போன வருஷம் ஓர் அக்கா வந்தார். பெயர் வேண்டாம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, சேரிக்காரர்தான். பத்தொன்பது வயதில் கூலித்தறியில் உட்கார்ந்தவருக்கு இப்போது முப்பத்தெட்டு. பாவும் முதலாளியுடையது, பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது. கையும் காலும் கண்ணும் மட்டும் இவருடையது. சொந்தமாக ஒரு தறி போட ஒரு லட்சம் கடன் கேட்டார்.

'தம்பி, நீ உள்ள கீற தைரியத்துலதான் வந்தேன்' என்றார்.

விவரங்களை நான்தான் ஏற்றினேன். முன்பெல்லாம் மேனேஜர் பார்த்து, விசாரித்து, எழுதி, மேலே அனுப்பி ஆறு வாரம் ஆகும். இப்போது ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை சிவப்பானது. காரணம் என்ற கட்டத்தில் 'உள் விதிகளின்படி' என்று இருந்தது. எந்த விதி? எனக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது.

'அக்கா, சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சி.'

'யாரு தம்பி அது சிஸ்டம்? அவர நான் பாக்கலாமா?'

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த அயோக்கியத்தனம். அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'சரிங்க சார், வரேன்' என்று போய்விட்டார். உள்ளே வரும்போது தம்பியாக இருந்தவன் வெளியே போகும்போது சாராகிவிட்டேன்.

இடைவேளையில் அவருடைய கடன் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தேன். சிபில் என்று ஊரே சொல்லும் அந்த மதிப்பெண் 300இலிருந்து 900 வரை. அக்காவுக்கு வந்தது மைனஸ் ஒன்று. 'கடன் வரலாறு இல்லை' என்று அதற்கு அர்த்தமாம். எங்களைப் பூஜ்ஜியம் என்றுகூட ஒத்துக்கொள்ளவில்லை பாருங்கள். பூஜ்ஜியத்துக்கும் கீழே ஒரு படி. நாலு வருணத்துக்கு வெளியே அஞ்சாவது ஒன்றை வைத்த அதே கணக்கு.

அக்காவுக்குக் கடன் வரலாறு இல்லையா? பத்தொன்பது வருஷமாகக் கடனிலேயே வாழ்கிறவர். தறியில் உட்காரும்போது வாங்கிய முன்பணம், தம்பி கல்யாணத்துக்கு வாங்கியது, புருஷன் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கியது எல்லாம் ஒவ்வொரு சேலைக் கூலியிலும் பிடித்தம் போகிறது. ஒரு தவணை தவறியதில்லை. தவறவிட முடியாது, முதலாளி விடமாட்டார். அத்தனையும் முதலாளி வீட்டு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு எந்த சர்வரிலும் ஏறவில்லை. அந்த நோட்டை வைத்திருப்பவருக்கு அதே வங்கியில் மதிப்பெண் எண்ணூறு. அக்காவின் உழைப்பில் அவர் கட்டிய தவணைகள் அவருடைய வரலாறாகிவிட்டன. அக்கா வரலாறில்லாதவர் ஆகிவிட்டார்.

இதைத்தான் 'தரவு' என்கிறார்கள். எந்திரம் தரவிலிருந்து கற்றுக்கொள்கிறது, அதற்குச் சாதி தெரியாது என்கிறார்கள். சரி, அந்தத் தரவு எங்கிருந்து வந்தது? கடன் கிடைத்தவனுக்குத்தான் கடன் வரலாறு. பட்டா இருந்தவனுக்குத்தான் கடன் கிடைத்தது. பட்டா யாரிடம் இருந்தது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892இல் அரசாணை வந்து, எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? அதைத் திரும்பக் கேட்டதற்கு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேரைத் துப்பாக்கி தின்றது. அந்த நிலம் எங்களிடம் இருந்திருந்தால் பயிர்க்கடன் வந்திருக்கும், பயிர்க்கடனிலிருந்து வரலாறு வந்திருக்கும், வரலாற்றிலிருந்து மதிப்பெண் வந்திருக்கும். எந்திரத்துக்குச் சாதி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சாதி செய்து முடித்த வேலையின் மீதியை அது எண்ணாக வாசிக்கிறது.

பெயரிலிருந்தும் அது வாசிக்கிறது. 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. தலித் ஆய்வாளர் ஒருவர் தன் விண்ணப்பத்தைத் திருத்தித் தரும்படி சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். அது மொழியைத் திருத்தியதோடு நிற்காமல் 'சிங்கா' என்ற அவருடைய பெயரை 'சர்மா' என்று மாற்றிக் கொடுத்தது. ஆய்வாளன் என்றால் சர்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த நாடு இதுவரை எழுதிக் குவித்ததையெல்லாம் படித்தது, அவ்வளவுதான்.

இதுவரை படித்துவிட்டு இடதுசாரித் தோழர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கைதட்டுவார்கள். 'அதனால்தான் சொல்கிறோம், எந்திரம் வேண்டாம், மனித நிபுணத்துவத்தைக் காப்போம்!' கொஞ்சம் பொறுங்கள். உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

'மனித நிபுணத்துவம்' என்று நீங்கள் உருகுகிறீர்களே, அது யாருடைய நிபுணத்துவம்? எந்திரம் வருவதற்கு முன் கடன் எப்படிக் கொடுக்கப்பட்டது? மேனேஜருக்கு 'ஆளைத் தெரியும்'. எப்படித் தெரியும்? அவர் குடியிருக்கும் தெருவில் அந்த ஆளும் குடியிருப்பார், இல்லையென்றால் ஒரே கோயில் திருவிழாக் கமிட்டியில் இருப்பார். சேரிக்கு வந்து பார்த்த மேனேஜர் எத்தனை பேர்? 'பார்ட்டி நல்ல குடும்பம்' என்று பழைய கோப்புகளில் எழுதிய மையில் எந்த மென்பொருளும் இல்லை, அது மனிதக் கைதான். நகைக்கடனுக்கு உரைகல்லில் உரைத்து மாற்றுச் சொல்லும் மதிப்பீட்டாளரின் கண் அபாரமான கண், ஒத்துக்கொள்கிறேன். அந்த உரைகல்லைத் தொட எங்கள் பிள்ளைக்கு எந்தப் பட்டறையில் யார் கற்றுக்கொடுத்தார்கள்?

தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோர்வை போட்டு உடலையும் கரையையும் பிணைக்கும் கைத்திறனைப் 'பரம்பரைக் கலை' என்று கொண்டாடுகிறோம். பரம்பரை என்றாலே கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோரை விடவில்லை. நாடாவில் நூல் கோர்க்க வாயால் உறிஞ்ச வேண்டும், தலித்தின் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான். கூலி அதிகமான வேலை அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு முன்னால் தூக்கிப் போட்டார். 'வர்க்க ஒற்றுமை' பேசிய வாய்களுக்கு நாடாவில் இருந்த எச்சில் அதுவரை தெரியவில்லை. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே படிபடியாகப் பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் வாதிட்டபோது அவருக்குப் பின்னால் இந்த ஆலை அனுபவமும் இருந்தது. எங்கள் ஆட்கள் ஆரணியில் தறிக்குள் இறங்கியது பிந்திதான், அதுவும் கூலிக்காகத்தான். ஆகவே 'மனிதனைக் காப்போம்' என்பவர்கள் முதலில் எந்த மனிதன் என்று சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

எந்திரத்தைக் கண்டால் எங்களுக்குப் பயமில்லை. காந்தி ராட்டையைப் பிடித்துக்கொண்டு எந்திர நாகரிகத்தைச் சபித்தபோது, மிருக வாழ்க்கையிலிருந்து மனிதனை மீட்டு அவனுக்கு ஓய்வும் பண்பாடும் தர எந்திரம் வேண்டும் என்று 1945இல் எழுதியவர் அம்பேத்கர். ஓய்வே இல்லாமல் பிறந்து செத்தவர்களின் வாரிசுகள் நாங்கள், எந்திரம் எங்களுக்குச் சத்துரு அல்ல. ஆரணித் தறிக்கு மேலே தொங்குகிறதே ஜக்கார்டு பெட்டி, ஓட்டை போட்ட அட்டை மாலையோடு! 1804இல் பிரான்ஸில் பிறந்த அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் கணக்கு எந்திரத்துக்குத் திட்டம் போட்டார். கணினிக்குத் தாத்தா தறிதான். பேரன் வந்து தாத்தாவை மிரட்டுகிறான் என்பதல்ல பிரச்சினை. பேரனை யார் வளர்த்து, யார் வீட்டுக்கு ஏவிவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

எந்திரம் எங்கே முதலில் வருகிறது, எங்கே கடைசியில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். மலக்குழியில் மனிதனை இறக்காதே, எந்திரத்தை இறக்கு என்று எத்தனை ஆண்டாகக் கத்துகிறோம்! 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2023 அக்டோபரில் சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. மரணம் நிற்கவில்லை என்பதால்தானே விலை உயர்ந்தது? இன்னொரு பக்கம், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வங்கி 2016இலேயே சென்னையில் நாட்டின் முதல் வங்கி ரோபோவை நிறுத்தியது. பெயர் 'லட்சுமி'. அதே கும்பகோணத்துக்குச் சாக்கடை அள்ளும் ரோபோ வந்தது 2018இல். அதன் பெயர் 'பாண்டிகூட்', அதாவது பெருச்சாளி. பணத்தைத் தொடும் எந்திரத்துக்குத் தெய்வத்தின் பேர், மலத்தைத் தொடும் எந்திரத்துக்குப் பெருச்சாளி பேர். இரும்புக்கும் வருணம் கொடுக்கிற நாடு இது. கேட்காத கவுண்டருக்கு எந்திரம் ஓடி வருகிறது, கெஞ்சிய குழிக்கு நொண்டி நொண்டி வருகிறது.

கவுண்டருக்கு ஏன் ஓடி வருகிறது? 1969இல் 14 வங்கிகள், 1980இல் 6 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதற்குப் பிறகு இடஒதுக்கீட்டின் வழியாகத்தான் எங்கள் ஆட்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். என் வம்சத்தில் ரூபாய் நோட்டைக் கட்டுக்கட்டாக எண்ணிய முதல் கை என்னுடையது. அந்த நாற்காலி மெல்ல மெல்லக் காணாமல் போகிறது. வேலை ஒழியவில்லை, இடம் மாறுகிறது. மென்பொருள் எழுதும் கம்பெனிக்குப் போகிறது, ஒப்பந்தக்காரனுக்குப் போகிறது. அங்கே இடஒதுக்கீட்டுச் சட்டம் கிடையாது. எந்திரத்தைப் பழக்குகிற அறையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது, எந்திரம் பழகிய பிறகு எங்கள் நாற்காலியே கிடையாது. இதற்குப் பேர் சமநிலையா?

போராடினால் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, பேசும் எந்திரம் வந்துவிட்டது, அழைப்புகள் குறைந்துவிட்டன என்று சொல்லி 45 பேர் வேலையை ஒழித்தது. அழைப்புகள் குறையவில்லை, கூடித்தான் இருக்கின்றன என்று சங்கம் வழக்காடியது. அடுத்த மாதமே வங்கி தன் கணிப்பு தவறு என்று ஒத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு முடிவை வாபஸ் வாங்கியது. கோஷத்தோடு கணக்கும் கையில் இருந்ததால் ஜெயித்தார்கள்.

'கவலை வேண்டாம், கடைசி முடிவு மனிதன்தான் எடுப்பான்' என்பது பாடம் நடத்தியவர்களின் சமாதானம். 'ஹியூமன் இன் த லூப்' என்றார்கள். லூப் என்றால் தமிழில் கண்ணி. கண்ணியில் மாட்டிய மனிதன் என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். எங்கள் மேனேஜர் கெட்டவரல்ல. அக்கா கடனுக்காக நான் போய் நின்றபோது மனசைத் திறந்து சொன்னார்: 'மெஷின் வேணாம்னு சொன்னத நான் குடுத்து, நாளைக்கு அது நின்னுபோனா டீவியேஷன்னு என் பேர்ல எழுதுவான். மெஷின் வேணாம்னு சொன்னத நானும் வேணாம்னு சொன்னா எவன் கேக்கப்போறான்?'

மொத்த விஷயமும் இந்த ரெண்டு வாக்கியத்தில் இருக்கிறது. எந்திரத்தை மீறினால் தண்டனை, எந்திரத்துக்குப் பணிந்தால் பாதுகாப்பு. இந்த ஏற்பாட்டில் மனிதன் எவ்வளவு பெரிய நிபுணனாக இருந்தும் பயன் இல்லை. அவன் கையெழுத்து வேண்டும், அவன் அறிவு வேண்டாம். பிரிட்டிஷ் தபால் துறையில் 1999இல் 'ஹொரைசன்' என்ற மென்பொருள் வந்தது. அது காட்டிய பொய்க் கணக்கை நம்பி 900க்கு மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்களைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள். அந்தத் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யச் சட்டம் வந்தது 2024இல். கால் நூற்றாண்டு! வழக்குப் போட்டவனும் தீர்ப்பு எழுதியவனும் மனிதர்கள்தான், கண்ணிக்குள் இருந்த மனிதர்கள். பக்கத்தில் தெலுங்கானாவில், 'சமக்ர வேதிகா' என்ற கணினி ஏற்பாடு பலரைக் காரும் வசதியும் உள்ளவர்கள் என்று தப்பாகக் காட்டியது. ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்க உச்ச நீதிமன்றம் 2022இல் உத்தரவிட வேண்டியிருந்தது. காலால் நடந்து போய்ப் பார்ப்பதுதான் மனித நிபுணத்துவம். அதைத்தான் முதலில் வெட்டினார்கள்.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவு பற்றி அறிக்கை கொடுத்தது. ஏழு சூத்திரங்கள், 26 பரிந்துரைகள். மக்களே முதலில் என்கிறது ஒரு சூத்திரம். நியாயமும் சமத்துவமும் என்கிறது இன்னொன்று. கட்டுப்படுத்துவதைவிடப் புதுமைக்கே முன்னுரிமை என்கிறது மற்றொன்று. நல்லது. சூத்திரங்களுக்கு ஏழு இடம், சூத்திரருக்கும் பஞ்சமருக்கும் எத்தனை இடம்? ஐரோப்பாவில் 2024இல் வந்த சட்டம், ஆளுக்குக் கடன் மதிப்பெண் போடும் எந்திரத்தை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்துக் கட்டுப்படுத்துகிறது. அங்கே சாதி இல்லை. சாதி இருக்கும் நாட்டில் ஆபத்து குறைவா?

எனவே, சமநிலை பேசுகிறவர்களிடம் நாம் வைக்க வேண்டியவை:

ஒன்று. 'இல்லை' என்று சொன்னால் ஏன் இல்லை என்று தமிழில், காகிதத்தில், பொறுப்பான ஒருவர் பெயரும் கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும். 'சிஸ்டம்' என்பது கையெழுத்து அல்ல.

இரண்டு. எந்திரம் மறுத்த விண்ணப்பத்தை மனிதன் நேரில் போய்ப் பார்த்து மாற்றி எழுதினால் அவன் தலையை உருட்டக் கூடாது. கண்ணை மூடிப் பணிந்தவனிடமும் அதே கேள்வி கேட்கப்பட வேண்டும்.

மூன்று. எத்தனை பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் கேட்டார்கள், எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள் என்ற கணக்கைக் கிளைவாரியாகப் பலகையில் எழுது. சாதியைப் பார்க்காதே என்று எந்திரத்துக்குச் சொல்வது போதாது. அது செய்த வேலையில் சாதி இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம்.

நான்கு. பொதுப் பணத்தில் மென்பொருள் வாங்கினால், அதை எழுதுகிற, பழக்குகிற, சோதிக்கிற வேலையில் இடஒதுக்கீடு கொடு.

ஐந்து. எந்திரம் முதலில் குழிக்கு வரட்டும், அப்புறம் கவுண்டருக்கு வரட்டும்.

இதில் எதுவும் வானத்தை வில்லாய் வளைக்கிற கோரிக்கை அல்ல. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை கடன் கேட்கிறவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே விளக்கியது. அந்தச் செய்தியை நகல் எடுத்துக்கொண்டுதான் மேனேஜரிடம் போனேன். படித்தார், யோசித்தார். 'நீ குறிப்பு எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்' என்றார். அக்கா வீட்டுக்குப் போனேன். முதலாளி நோட்டில் உள்ள பிடித்தக் கணக்கை அவர் வாய்ப்பாடாகச் சொல்லச் சொல்ல, வருஷவாரியாக எழுதினேன். பத்தொன்பது வருஷம் நாலு பக்கம் வந்தது. ஒரு வரி அவர் தடுமாறவில்லை. வங்கிக்குத் தெரியாத கடன் வரலாறு அந்த நாலு பக்கம்தான். அதைக் கோப்பில் வைத்து மேலே அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் சேரியிலிருந்து கடனுக்குப் போய்த் திரும்பியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டுப் போடுங்கள். அவர்களோடு கிளைக்குப் போங்கள், எழுத்தில் காரணம் கேளுங்கள். என்னைப் போல ஒருவன் உள்ளே இருந்துகொண்டு 'சிஸ்டம்' என்று சொல்வான். விடாதீர்கள்.

அக்கா இப்போதும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார்.